ஒரு பாறையா, இரண்டா?

1

இந்தக் கதையை எனக்குச் சொன்னவள் நில அளவையாளர் தெசிஸ்லாவா. சோஃபியா நகரில் டிராமுக்குக் காத்திருந்தபோது சொன்னாள். டிராம் வந்ததும் முடிவைச் சொல்லாமலே ஏறிப் போய்விட்டாள். வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன்: ‘வெண்பனிப் பெருவெளியில் தன்னந்தனியாக அவள்...’

வேண்டாம். அவள் தனியாக இல்லை. பிரச்சினையே அதுதான்.

2

அந்த ஆண்டு அவள் அளவைக்குப் போன தென்துருவப் பகுதித் தீவுக்கு வரவேண்டிய மலையேற்ற வழிகாட்டிக்குக் கால் முறிந்துவிட்டது. பதிலுக்கு வந்தவன் ஸ்டாமென், அவளுடைய முன்னாள் கணவன். பனியில் இருவரும் ஒரே கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு நடந்தார்கள்.

(நான் இட்டுக்கட்டியதாக நினைப்பீர்கள். எனக்கு அவ்வளவு துணிச்சல் கிடையாது.)

செயற்கைக்கோள் படத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. யாரும் மிதிக்காத பாறை. அதை அளந்து, பெயர் வைத்து, வரைபடத்தில் ஏற்ற வேண்டும். பாறையை நெருங்கும்போது மூடுபனி இறங்கியது. தெசிஸ்லாவாவின் காலடியில் பனி உடைந்து, அவள் மார்பளவுக்குப் பிளவுக்குள் போய்விட்டாள். கயிறு விறைத்தது.

“அசையாத! பிடிச்சிருக்கேன்!”

“விட்டுடாத ஸ்டாமென்!”

“கோர்ட்ல விட்டது போதாதா? சும்மா இரு!”

இழுத்து மேலே போட்டான். தவழ்ந்துபோய்ப் பாறையைத் தொட்டபோதுதான் தெரிந்தது, அது ஒன்றல்ல, இரண்டு. நடுவில் ஆள் நுழையும் சந்து. காற்றுக்குப் பயந்து அதற்குள் ஒண்டிக்கொண்டார்கள்.

(இங்கே பயத்தைப் பற்றி ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். ‘பயமா? சிரிச்சே வயிறு வலிச்சுது’ என்றாள் அவள்.)

“இதுக்கு உங்கம்மா பேரை வைக்கலாம் தெசி. யாரும் கிட்ட நெருங்க முடியாது.”

“உன் பேரு இன்னும் பொருத்தம். என்ன கேட்டாலும் பதில் வராது.”

3

மூடுபனி விலகியதும் இரண்டையும் அளந்தாள். ஊர் திரும்பியபின், இடங்களுக்குப் பெயர் சூட்டும் குழு கேட்டது: மொத்தத்துக்கும் ஒரே பெயரா, தனித்தனியாக இரண்டா?

ஸ்டாமெனுக்குப் போன் செய்தாள்.

“ஒரு பேரா, ரெண்டு பேரா? நாளைக்குள்ள சொல்லணும்.”

“பீன்ஸ் சூப் வச்சிருக்கேன். வாயேன், பேசி முடிவு பண்ணலாம்.”

4

நான் எழுதிய முதல் முடிவில் அவர்களுக்கு மறுபடி கல்யாணம் செய்துவைத்தேன். அசட்டுத்தனமாக இருந்தது. இரண்டாவதில் அவளைப் போகவிடாமல் தடுத்தேன். ‘இரண்டு பெயர்கள் என்று எழுதிவிட்டு அவள் விளக்கை...’ இல்லை, மனம் ஒப்பவில்லை.

ஆகவே அவளைக் கிளப்பிவிட்டேன். அவன் வீடு ஆறாம் மாடி, லிஃப்ட் ஓடவில்லை. ஐந்தாவது மாடியில் மூச்சு வாங்க நிற்கிறாள். மேலேயிருந்து சூப் வாசனை வருகிறது. எனக்கு முழங்கால் வலி. மீதிப் படிகளில் நீங்கள் அவளோடு போய்வாருங்கள்.