தலைவர் இறங்காத கூட்டம்

டைல்ஸ் ஒட்டும் தொழிலாளர் சங்கத்தின் தலைவர் மைக் முன்னால் நின்று பேசத் தொடங்கினால் தரைக்குள் இறங்கிவிடுவார். முதல் ஆண்டுக் கூட்டத்தில் கணுக்கால்வரை போனார். சிமெண்ட் விலை ஏறிய வருடம் முழங்கால்வரை. தரை உடையாது, விரிசலும் விடாது. ஈர மணலில் நிற்பவன் கால் புதைவதுபோலப் பேசப் பேச உள்ளே போவார், பேச்சு முடிந்ததும் தரை இறுகிக்கொள்ளும். அப்புறம் சுற்றிலும் பெயர்த்துத்தான் ஆளை வெளியே எடுக்க வேண்டும். வேறு சங்கமாக இருந்தால் வேறு தலைவரைத் தேடியிருப்பார்கள். இவர்கள் தரை வேலைக்காரர்கள். கூட்டத்துக்குக் கிளம்பும்போதே மைக் செட்டோடு அரை மூட்டை சிமெண்டையும் சில டைல்ஸையும் வண்டியில் ஏற்றிவிடுவார்கள். யாரோடும் சண்டை போடாத ஒரே ஆள் என்பதால்தான் அவரைத் தலைவராக்கினார்கள். சண்டை போட வாய் வேண்டுமே என்று அவரே சொல்லிக்கொள்வார். முழங்காலளவு புதைந்து நின்றபடி, "தலைவர் தலைவர்னு சொல்லாதீங்கப்பா, நான் அடிமட்டத் தொண்டன்" என்பார். பொருளாளர் கடப்பாரையை ஓங்கிக்கொண்டே, "அசையாதீங்க தலைவரே. காலு உங்களுது, டைல்ஸு மண்டபத்துக்காரனுது. எதை உடைச்சாலும் கேள்வி வரும்" என்பார்.

அவருடைய மனைவி பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கி அறிவிப்பாளர். ஆயிரம் பேர் காதில் விழப் பேசுவது அவளுக்குப் பல் விளக்குவது மாதிரி. சாப்பாடு ஆயிற்று என்பதையே "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்றுதான் தொடங்குவாள். புருஷனைப் பேச்சாளராக்காமல் விடுவதில்லை என்று கங்கணம் கட்டிக்கொண்டாள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன்பு அவர் கூடத்தில் நின்று ஒத்திகை பார்ப்பார். அவள் சமையலறையில் முதுகைக் காட்டி வெங்காயம் நறுக்கியபடி, "இழுக்காதீங்க, மூச்சு விடுங்க, 'ஆகவே'யை எத்தனை தடவைதான் சொல்லுவீங்க" என்று திருத்துவாள். ஒத்திகையில் அவர் ஒரு நூல் அளவுகூட இறங்கியதில்லை. அதனால் கோளாறு கூட்டத்தால்தான் என்று இருவரும் முடிவு கட்டினார்கள். "கூட்டத்தைப் பார்க்காதீங்க. தெரிஞ்ச முகம் ஒண்ணு எடுத்துக்குங்க. அந்த ஒரு ஆள்கிட்ட பேசுற மாதிரி நினைச்சுக்குங்க" என்றாள். அவருக்குத் தெரிந்த முகம் அவளுடையது ஒன்றுதான். அது கடைசி வரிசையில் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து, அவர் சொல்லப்போகும் ஒவ்வொரு வரிக்கும் முன்னதாகவே உதட்டை அசைத்துக்கொண்டிருக்கும். அவர் அதைப் பார்ப்பார். தரை இளகும்.

வருடங்கள் இப்படியே போயின. இடுப்பளவு இறங்கிய வருடம் எடுக்க நேரமானதால் மண்டபத்தில் அடுத்த நிகழ்ச்சிக்காரர்கள் அவரைச் சுற்றியே நாற்காலி போட்டார்கள். அதற்கடுத்த மழைக்காலத்தில் அவளுக்குத் தொண்டையில் நோய் வந்தது. முதலில் ஒலிபெருக்கி அவளை விட்டுப் போனது, பிறகு வீட்டுக்குள் பேசும் குரலும் தேய்ந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் காதை இழுத்து வைத்துக்கொண்டு காற்றாகச் சொன்னாள்: "சங்கத்துல எனக்குக் கூட்டம் வைப்பானுங்க. நீங்கதான் பேசணும். வேற எவனாவது பேசினா 'அன்னார்'னு சொல்லித் தொலைப்பான்."

"நான் பேசினா கழுத்துவரைக்கும் போயிடுவேனே."

"போங்க. தலை வெளிய இருந்தா போதும், பேசலாம்."

அவள் போன பிறகு ஒத்திகை பார்க்க இரண்டே வாரம் இருந்தது. சமையலறையில் முதுகு இல்லாததால் அவர் சுவரைப் பார்த்துப் பேசிப் பழகினார்.

இரங்கல் கூட்டத்துக்குச் சங்கத்துக்காரர்கள் இரட்டிப்பு சிமெண்டோடு வந்தார்கள். பொருளாளர் கடப்பாரையை மேடைக்குக் கீழே தயாராகச் சாய்த்துவைத்தார். தலைவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு கடைசி வரிசையைப் பார்த்தார். ஓரத்து நாற்காலியில் மண்டபத்து எலக்ட்ரீஷியன் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான். அவர் பேசத் தொடங்கினார். கல்யாணமான புதிதில் பேருந்து நிலையத்தில் தான் வழி தவறி நின்றதையும், "நீலச் சட்டை போட்ட ஒருவர், வாய் திறக்க மாட்டார், கண்டவர்கள் தகவல் அறைக்கு அழைத்து வரவும்" என்று ஊரே கேட்க அவள் அறிவித்ததையும் சொன்னார். கூட்டம் சிரித்தது, சிரித்துக்கொண்டிருக்கும்போதே மூக்கை உறிஞ்சியது. ஒரு 'ஆகவே' இல்லை, ஒரு 'அன்னார்' இல்லை. குரல் கணீரென்று சுவரில் பட்டுத் திரும்பியது. தரை கல்லாக இருந்தது. பாதிப் பேச்சில்தான் அவருக்கு விளங்கியது: அவர் ஒருநாளும் கூட்டத்துக்குப் பயந்ததில்லை. தான் ஒரு வார்த்தை தடுமாறினால் அந்த ஒரு முகம் வாடிவிடுமே என்றுதான் இத்தனை வருடமும் பயந்திருக்கிறார். இப்போது வாடுவதற்கு முகம் இல்லை.

பேச்சு முடிந்தது. கூட்டம் கலைந்தது. அவர் மைக்கைவிட்டு நகரவில்லை.

"தலைவரே, முடிஞ்சுது. அருமையாப் பேசினீங்க. வாங்க."

"இருப்பா. இன்னும் இறங்கல."

பொருளாளர் பின்னால் திரும்பிக் கையசைத்தார். இரண்டு பேர் வந்து அவர் தோளில் கை வைத்து மெல்ல அழுத்திப் பார்த்தார்கள். தரை இளகவில்லை. ஒருவன் குதிகாலால் தட்டிப் பார்த்து, "கெட்டித் தரை" என்றான். அப்புறம் யாரும் யாரையும் கேட்காமல் உளியும் சுத்தியலும் எடுத்தார்கள். அவர் நின்ற இடத்தைச் சுற்றி டைல்ஸைப் பெயர்த்து, கணுக்கால் ஆழத்துக்குக் குழி தோண்டி, அதில் அவரை இறக்கி நிற்கவைத்து, கொண்டுவந்த சிமெண்டைத் தண்ணீராகக் கரைத்து ஊற்றினார்கள். மண்டபத்து மேலாளர் எட்டிப் பார்த்துவிட்டு, "போறப்போ மட்டம் பார்த்துப் பூசிட்டுப் போங்கப்பா" என்று சொல்லிவிட்டு மின்விசிறிகளை அணைக்கப் போனார்.

தலைவர் மைக் இல்லாமல் பேச ஆரம்பித்தார். என்ன பேசினார் என்று பக்கத்தில் நின்றவர்களுக்கே சரியாகக் கேட்கவில்லை. இழுத்தார், தடுமாறினார், 'ஆகவே' வந்தது, மறுபடி வந்தது. கணுக்கால் ஆழமே தோண்டிய குழியில் அவர் முழங்கால்வரை போனார், பிறகு இடுப்புவரை. பொருளாளர் குந்தி உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கலவை இறுகிய பிறகும் வெகு நேரம் யாரும் கடப்பாரையைத் தொடவில்லை.