மீந்துபோன ரெசிஸ்டர்

அட்டைப்பெட்டி அழுத்தும் மெஷினின் பொத்தான் தேய்ந்துபோயிருந்தது. லீவில் கிளம்பிய எலக்ட்ரீஷியன் புதுப் பொத்தான் ஒன்று, அரிசி அளவு ரெசிஸ்டர் ஒன்று, ஒரு தாள், மூன்றையும் என் கையில் திணித்தார்.

"எல்லாம் எழுதியிருக்கேன். படிச்சுப் பாத்து மாட்டுங்க."

நான் மூட்டை தூக்குகிறவன். அவரோடு நின்று நின்று கம்பி வேலை கொஞ்சம் பழக்கம். எழுத்துப் படித்தது நாற்பத்தெட்டு வயதில், மகளின் பழைய புத்தகத்தில். வரிக்கடியில் விரல் வைக்க வேண்டும், உதடும் அசையும். எதிரே ரேடியோ உட்கார்ந்திருந்தாள். அந்த மெஷினை ஓட்டுகிறவள். வாய் ஓயாததால் அந்தப் பெயர்.

"என்னண்ணே, லவ் லெட்டரா? சத்தமா படிங்க, நாங்களும் கேக்கறோம்."

எல்லோரும் சிரித்தார்கள். தாளை முகத்துக்கு நேரே பிடித்துக் கண்ணை மட்டும் மேலும் கீழும் ஓட்டினேன். "படிச்சாச்சு" என்று மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.

கரண்டை நிறுத்தி, பொத்தானின் ஒரு காலை ஐந்து வோல்ட்டிலும் மறு காலைக் கன்ட்ரோலர் போர்டின் முனையிலும் இணைத்தேன். அமுக்கினால் மெஷினின் அழுத்தும் தட்டு இறங்கியது. ரெசிஸ்டர் மீந்தது. உபரியாகக் கொடுத்திருப்பார் என்று அதையும் பையில் போட்டேன்.

மதியம் அட்டைப்பெட்டியைச் சரிசெய்ய ரேடியோ உள்ளே கை விட்டபோது தட்டு தானாக இறங்கியது. கட்டைவிரல் நகம் பிளந்துவிட்டது.

சூப்பர்வைசர் ஓடி வந்தார். "பேசிக்கிட்டே முழங்கையால பொத்தானை இடிச்சிருப்ப. நாளையிலேர்ந்து வராத."

"சத்தியமா தொடலை சார்!" துணி சுற்றிய விரலோடு என் பக்கம் திரும்பினாள். "அண்ணே, நீங்கதானே மாட்டினீங்க? நீங்க சொல்லுங்க."

"பாக்கணும்மா" என்றேன். பெட்டி அடுக்குக்குப் பின்னால் போய்த் தாளை விரித்தேன். விரல் வைத்து ஒவ்வொரு வரியையும் இரண்டு தரம் படித்தேன். திரும்பி வந்தபோது அவள் ஒற்றைக் கையால் சாப்பாட்டுப் பாத்திரத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

"சார், அவ தொடலை" என்றேன். தாளை மேஜையில் வைத்து, விரலை வைத்து, எல்லோர் முன்னும் எழுத்துக் கூட்டிப் படித்தேன். "அமுக்காதபோது... இந்த முனை... அந்தரத்தில் நிற்கும். பக்கத்தில் கை வந்தாலே... அமுக்கியதாக... போர்டு எடுத்துக்கொள்ளும். அதனால் முனைக்கும் கிரவுண்டு கம்பிக்கும் நடுவில்... ரெசிஸ்டர்... கட்டாயம்."

பையிலிருந்து அதை எடுத்துத் தாள் மேல் வைத்தேன். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

சூப்பர்வைசர் அவளைப் பார்க்காமல், "நீ உக்காரு" என்றார். என்னிடம், "மாட்டித் தொலை."

"நாலு வரிண்ணே" என்றாள் ரேடியோ. பாத்திரத்தைப் பையிலிருந்து வெளியே எடுத்து வைத்தாள்.

மறுபடி கரண்டை நிறுத்தி ரெசிஸ்டரைப் பற்றவைத்தேன். கரண்டு கொடுத்து, கம்பியோரம் கையை ஆட்டிப் பார்த்தேன். தட்டு அசையவில்லை.

"இப்ப சரியாயிடுச்சும்மா. கை வைக்கலாம்."

"மொதல்ல நீங்க வைங்க."

தட்டுக்கடியில் என் கையை வைத்தேன். அவள் பொத்தானுக்குப் பக்கத்தில் நின்று என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். போதும் என்று அவள் சொல்ல வெகுநேரம் ஆனது. நானும் எடுக்கவில்லை.