பதினான்காம் கேள்வி

1

இந்தக் கதை ஒரு கூட்டக்குறிப்பில் பிறந்தது: "பங்கேற்பாளர் தரப்பில் ஒருவர் கருத்துத் தெரிவித்தார்." கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில், மனிதர்களிடம் செய்யும் ஆய்வுகளுக்கு அனுமதி தரும் நெறிக்குழு ஒன்றில் நான் உறுப்பினர்; அதற்காக அந்த வரியை எழுதியவன் நானே. அவ்வளவு பெரிய பொய்யை நான் கதைகளில்கூட எழுதியதில்லை.

2

தொடக்கம்: 'கடல் அன்று கறுத்துக்—'

(வேண்டாம். நான் கடலைப் பார்க்கவில்லை. பார்த்தது கூட்ட அறையை.)

மீன்பிடிப் படகொன்று மூழ்கி ஏழு வருஷம். பிழைத்தவர்களின் மனநிலையை ஆராய உளவியலாளர் ஹைடி அனுமதி கேட்டிருந்தாள். பதினான்காம் கேள்வி: 'கடைசியாக யார் குரலைக் கேட்டீர்கள்?' பழைய காயம் திறந்துகொள்ளும், அந்தக் கேள்வியை நீக்குங்கள் என்றார் குழுத் தலைவர் க்ளைட். நானும் தலையாட்டினேன். ஹைடி, பிழைத்தவர் ஒருவரையே அழைத்து வந்திருந்தாள். மேவிஸ், அந்தப் படகின் சமையற்காரி. அவள் தம்பி சைரஸ் அந்தப் படகோடு போய்விட்டான்.

3

"ஏன் கண்ணு அந்தக் கேள்விய எடுக்கறீங்க?" என்றாள் மேவிஸ்.

"உங்களுக்குக் கஷ்டமா இருக்குமேன்னு..." க்ளைட் இழுத்தார்.

"ஏழு வருஷமா எல்லாரும் என்கிட்ட பனி எப்படி, காத்து எப்படின்னுதான் கேக்கறாங்க. சைரஸ் பேரை எடுத்தா நான் உடைஞ்சிடுவேனாம். நாப்பது நிமிஷம் ஐஸ்தண்ணியில கிடந்தவ நான். உங்க காகிதத்துக்கா உடையப்போறேன்?"

(முதல் வரைவில் நான் முப்பது என்று எழுதியிருந்தேன். மேவிஸ் படித்துத் திருத்தினாள்.)

"வேற யாராவது உடைஞ்சா?" என்றார் க்ளைட். நியாயமான கேள்வி. (அவரை வில்லனாக்க இரண்டு வரைவுகள் முயன்றேன். ஒத்துழைக்கவில்லை.)

"அப்போ, நடுவுல நிறுத்தற உரிமைய எங்க கையில குடுங்க. மறுநாள் ஒருத்தர் போன் பண்ணட்டும். கேள்விய மட்டும் திருடாதீங்க."

இரண்டையும் சேர்த்து அனுமதி தந்தோம்.

4

ஆய்வில் அந்தக் கேள்விக்கு மேவிஸ் பதில் சொன்னாள். பிறகு மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை. மறுநாளே போன் செய்த ஹைடி, அவள் அழுவதைக் கேட்டுப் பதறிப்போய்க் குழுவுக்குத் தெரிவித்தாள். பாதிப்பு அறிக்கை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. மேவிஸை அழைத்தேன்.

"எங்களால உங்களுக்குக் கெடுதல் ஆச்சா?"

"அழுதேன். உங்க கேள்விக்காக இல்ல கண்ணு, என் தம்பிக்காக. அவன் கடைசியா என்னைத்தான் கூப்பிட்டான். அதுவரைக்கும் இத நான் யார்கிட்டயும் சொன்னதில்ல."

"திரும்பக் கேட்டா சொல்வீங்களா?"

"அத நாளைக்குக் கேளு. இன்னிக்கு வலிக்குது."

5

முடிவு ஒன்று: அவள் வேலைக்குத் திரும்புகிறாள். (திரும்பினாள். ஆனால் அது முடிவல்ல.)

முடிவு இரண்டு: நான் வருந்துகிறேன். (இல்லை. நாளையே கேட்டாலும் அதே அனுமதியைத் தருவேன்.)

அறிக்கையில் இரண்டே கட்டங்கள்: 'பாதிப்பு உண்டு', 'பாதிப்பு இல்லை'. வலித்தது உண்மை. வலியெல்லாம் பாதிப்பா? மேவிஸ் சொன்னதை அவள் வார்த்தையிலேயே எழுதி, இரண்டு கட்டங்களையும் காலியாக விட்டு அனுப்பினேன். ஏதாவது ஒன்றைக் குறிக்கச் சொல்லி க்ளைட் திருப்பி அனுப்பியிருக்கிறார்.

இதைப் படிக்கும் நீங்கள் குறியுங்கள். நான் மாட்டேன்.