குருத்தோலையில் குத்திய படங்கள்

சாந்தோமில், கடலுக்கு இரண்டு தெரு தள்ளி, ஃப்ளோரா குடியிருந்த வீட்டில் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. வீட்டுக்காரர் சங்கரன் மயிலாப்பூர் குளக்கரையில் இருந்தார். மாதம் ஒரு தரம் வருவார். வந்ததும் வராததுமாய் அவர் பார்ப்பது சுவரைத்தான். குடித்தனக்காரர்கள் சௌக்கியமா என்பதெல்லாம் பிறகு. சேசுநாதரின் திரு இருதயப் படத்துக்கு மட்டும் ஒரே ஒரு ஆணிக்குச் சம்மதித்திருந்தார். எந்தச் சாமியாக இருந்தால் என்ன, வம்பு எதற்கு என்று விட்டுவிட்டார் போலிருக்கிறது.

அந்த ஆணியில் திரு இருதயப் படத்துக்குப் பின்னால் குருத்தோலையும் தொங்கியது. குருத்தோலை ஞாயிறன்று கோயிலில் மந்திரித்துக் கொடுக்கும் தென்னங்குருத்தை வேதக்காரர் வீடுகளில் ஒரு வருஷம் வைத்திருப்பார்கள். மறு வருஷம் விபூதிப் புதனுக்கு முந்தின நாள் கோயிலில் மணியடிக்கும் கோயில்பிள்ளை பவுல்சாமி கோணிப்பையோடு வீடு வீடாக வந்து காய்ந்த ஓலைகளை வாங்கிக்கொண்டு போவார். அவற்றை எரித்த சாம்பலைத்தான் புதன்கிழமை பூசையில் சாமியார் எல்லார் நெற்றியிலும் பூசுவார்.

ஃப்ளோரா கோயில் பள்ளிக்கூடத்தில் ஒண்ணாம் வகுப்பு டீச்சர். வகுப்பில் ஐம்பது பிள்ளைகளைச் சமாளித்துவிட்டு வந்தாலும், சாயந்திரம் தன் பிள்ளைகள் இரண்டையும் கூடத்தில் உட்காரவைத்துப் படம் போடச் சொல்லிக்கொடுப்பாள். சண்டைக்காலத்தில் காகிதம் ஏது, வண்ணம் ஏது? மஞ்சள் தூள், துணிக்குப் போடும் நீலம், அடுப்புக்கரி, செங்கல் பொடி, இவைதான் வண்ணம். சோற்றுக்கஞ்சியில் குழைத்துக்கொண்டால் ஒட்டிக்கொள்ளும். ஜன்னல் வெளிச்சம் வெளியே தெரியக் கூடாது என்று ஒட்டியிருந்த கறுப்புக் காகிதத்தை, குண்டு பயம் தீர்ந்து கிழித்தபோது, மூத்தவள் ஐவி ஒன்று விடாமல் எடுத்து வைத்துக்கொண்டாள். அதில் சுண்ணாம்பால் வரைந்தால் நட்சத்திரம் பளிச்சென்று தெரியும் என்பது அவளாகவே கண்டுபிடித்தது.

போட்ட படத்தை எங்கே மாட்டுவது என்பதையும் ஐவிதான் கண்டுபிடித்தாள். துடைப்பத்தில் ஈர்க்குகளை உருவி, ஊசி மாதிரி ஒடித்து, படங்களைக் குருத்தோலையின் கீற்றுகளில் குத்திவிட்டாள். சங்கரன் அடுத்த தரம் வந்தபோது ஓலையைத் தூக்கிப் பின்பக்கம் பார்த்தார். புது ஆணி இல்லை. வாடகையை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

படங்கள் எல்லாம் நைனாவுக்காக. ஃப்ளோராவின் புருஷன் இக்னேஷியஸ் நாற்பத்தொன்றில் பட்டாளத்தில் ஸ்டோர் குமாஸ்தாவாகப் போனவர். அப்போது ஐவிக்கு இரண்டு வயது, லூயிசா வயிற்றில். இரண்டு தரம் லீவு என்று எழுதினார், இரண்டு தரமும் ரத்தாகிவிட்டது. ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று ஊரே காலி செய்துகொண்டு ஓடியபோது ஃப்ளோராவும் கைப்பிள்ளையோடு ஓடினாள். ரயிலில் ஒரு பெட்டி தொலைந்தது. கல்யாணப் படம் அந்தப் பெட்டிக்குள் இருந்தது. வீட்டில் இக்னேஷியஸின் முகம் அதோடு போயிற்று.

ஐவியின் படங்களில் எங்கு பார்த்தாலும் நைனா நிற்பார். கட்டுமரத்தில் நிற்பார், டிராமில் நிற்பார், தேருக்குப் பக்கத்தில் தேரை விட உயரமாய் நிற்பார். தொப்பி உண்டு, பூட்ஸ் உண்டு, சட்டைப் பொத்தான் ஒவ்வொன்றும் உண்டு. முகம் மட்டும் வெறும் வட்டம். கண்ணும் மூக்கும் வையேன்டி என்று ஃப்ளோரா எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தாள். தெரியாமல் எப்படிப் போடுவது, தப்பாய்ப் போட்டால் நைனாவுக்குக் கோபம் வரும், வந்தபிறகு பார்த்துப் போட்டுக்கொள்கிறேன் என்று பெரிய மனுஷி மாதிரி பதில் சொல்லும் அந்தப் பெண். நைனாவை ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லு என்று கடிதத்தில் எழுதவும் வைத்தாள். ஃப்ளோரா எழுதினாள். படம் வரவில்லை. வட்டத்தைப் பற்றி மட்டும் அவள் எழுதவில்லை. அந்தப் பனியிலும் சேற்றிலும் கிடக்கிற மனுஷனுக்கு அதை வேறு சொல்ல வேண்டுமா?

நாற்பத்தைந்து ஐப்பசியில் ஐவிக்குத் தொண்டை அடைப்பான் வந்தது. மூன்றே நாளில் போய்விட்டாள். சண்டை முடிந்து ஊரெல்லாம் ஆட்கள் திரும்பிக்கொண்டிருந்த நேரம் அது. ஆறு வயசுப் பிள்ளையை ஒரு போட்டோ கூட எடுத்ததில்லை. அவர் வந்ததும் நாலு பேருமாய் ஸ்டூடியோவுக்குப் போகலாம் என்று தள்ளிப்போட்டது ஃப்ளோராதான். அதை நினைத்து நினைத்து அவள் தலையில் அடித்துக்கொண்டாள். அடித்துக்கொண்டு என்ன செய்ய?

இக்னேஷியஸிடமிருந்து பதில் வர ஒரு மாதம் ஆனது. நாலே வரி. ஓலையில் அவள் குத்திவைத்த படங்களை அப்படியே வை, அதில் கை வைக்காதே, நான் வந்து பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தார். மார்ச்சில் இன்னொரு கடிதம். புதன்கிழமை சென்ட்ரலில் இறங்குகிறேன் என்று.

புதன்கிழமைதான் விபூதிப் புதன். வழக்கப்படி ஓலையைக் கொடுக்க வேண்டும். போன வருஷம் தாயும் மகளுமாய் உட்கார்ந்து ஈர்க்குகளைப் பிடுங்கி, படங்களைக் கழற்றி வைத்தார்கள். புது ஓலை வந்ததும் ஐவி மறுபடி குத்தினாள். இந்த வருஷம் ஃப்ளோராவுக்குக் கை வரவில்லை. ஒவ்வொரு ஈர்க்கும் ஐவி தன் பல்லால் கடித்து ஒடித்துக் குத்தியது. அவரும் கை வைக்காதே என்று எழுதியிருக்கிறார். கொடுக்காவிட்டால் கடவுள் கோபித்துக்கொள்ளப் போகிறாரா, அவர் எடுத்துக்கொண்டதற்கு இது சரியாகப் போகட்டும் என்று நினைத்தாள். நினைத்த பாவத்துக்கு உடனே சிலுவையும் போட்டுக்கொண்டாள். தன் தீர்மானத்தை லூயிசாவிடம் சொல்ல மட்டும் தோன்றவில்லை. நாலரை வயசுப் பிள்ளையிடம் யார் இதையெல்லாம் சொல்வார்கள்?

செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், அவர் வருகிறாரே என்று கொஞ்சம் நல்ல அரிசிக்காக ரேஷன் கடைக்குப் போனாள். லூயிசாவைக் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கச் சொன்னாள். வரிசை நீண்டுவிட்டது. திரும்பிவந்து கூடத்தில் கால் வைத்ததும் அரிசிப்பை கையிலிருந்து நழுவியது. ஆணியில் திரு இருதயப் படம் மட்டும் இருந்தது.

லூயிசா சந்தோஷமாய் ஓடிவந்தாள்.

"பவுல்சாமி தாத்தா வந்தாரும்மா. எல்லாத்தையும் குடுத்துட்டேன். அக்காவுக்குப் போயிடும் இல்ல?"

போன வருஷம், மந்திரித்த ஓலையை ஏன் எரிக்கிறார்கள் என்று ஐவி கேட்டபோது, புகை மோட்சத்துக்குப் போகும், சாம்பல் நமக்கு வரும் என்று ஃப்ளோரா சொல்லிவைத்தாள். டீச்சர் அல்லவா, எதற்கும் ஒரு பதில் கையில் வைத்திருப்பாள். பக்கத்தில் சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்த சின்னது அதைக் காதில் வாங்கிக்கொண்டதை அவள் கவனிக்கவில்லை. அக்கா எங்கே என்று சின்னது கேட்டபோதெல்லாம் மோட்சத்தில் என்று சொன்னதும் அவளேதான்.

செருப்பு கூடப் போடாமல் ஓடினாள். கோயிலுக்குப் பின்னால் மதிலோரத்தில் புகை எழும்பியது தெருமுனையிலேயே தெரிந்தது. பவுல்சாமி குத்துக்காலிட்டு உட்கார்ந்து பித்தளைத் தாம்பாளத்தில் சாம்பலைச் சல்லடையால் சலித்துக்கொண்டிருந்தார். இவள் வந்து நின்ற கோலத்தைப் பார்த்து எழுந்துவிட்டார்.

"இன்னா டீச்சரம்மா? படத்தோட கீதேன்னு ஓலைய எறக்கும்போது நானும் கேட்டேன். அம்மாதான் அக்காவுக்கு அனுப்பச் சொல்லிச்சுன்னு பாப்பா சொல்லிச்சு. நேர்ச்சையாக்கும்னு நெனச்சிக்கினேன்" என்றார்.

அவர் மேல் என்ன குற்றம்? பிள்ளையை அடக்கம் பண்ணின நாளில் மண் தள்ளினவர் அவர். செத்த பிள்ளையின் பொருளை ஒரு தாய் மந்திரித்த ஓலையோடு அனுப்பினால் அவர் ஏன் சந்தேகப்பட வேண்டும்? ஃப்ளோரா சாம்பலுக்குள் கையை விட்டுத் துழாவினாள். இன்னும் சூடாக இருந்தது. காகிதச் சாம்பல் எது, ஓலைச் சாம்பல் எது என்று யாரால் சொல்ல முடியும்? சுட்டுக்கொண்ட விரலை முந்தானையில் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். லூயிசாவை அடிக்கத்தான் வந்தாள். குழந்தை தரையில் சிதறிய அரிசியை ஒவ்வொன்றாய்ப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டிருந்தது. ஃப்ளோராவும் பக்கத்தில் உட்கார்ந்து பொறுக்கினாள்.

புதன்கிழமை காலை பூசையில் சாமியார் அவள் நெற்றியில் சாம்பலைப் பூசினார். அடுத்தாற்போல் லூயிசாவின் நெற்றியில். ஊரே அன்று ஐவியின் படங்களை நெற்றியில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிற்று. அவர்களில் யாருக்கு அது தெரியும்?

மத்தியானம் வாசலில் ஜட்கா வந்து நின்றது. இக்னேஷியஸ் இளைத்துப் பாதியாகி இருந்தார். எப்படிச் சொல்வது என்று அவள் காலையிலிருந்து மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்ததெல்லாம் வீண். அவர் பெட்டியை இறக்கிவைத்தார். மனைவியையும், இதுவரை பார்த்தே இராத இரண்டாவது மகளையும் ஒரு பார்வை பார்த்தார். நேராகக் கூடத்துக்குப் போய்ச் சுவருக்கு முன்னால் நின்றார். ஓலை தொங்கிய இடத்தில் சுண்ணாம்பு வெளுப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

நின்ற வாக்கிலேயே ஃப்ளோரா எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கத்தவில்லை. பூட்ஸைக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்தார். என்னென்ன போட்டிருந்தாள் என்று சொல்லு என்றார். ஃப்ளோரா ஆரம்பித்தாள். கட்டுமரம், டிராம், தேர், கறுப்புக் காகிதத்தில் நட்சத்திரம். அதற்கப்புறம் தடுமாறினாள். பதினோரு படம் என்று எண்ணிக்கை தெரிகிறது. தினமும் பார்த்த படங்கள்தான். ஆறாவது என்ன, ஏழாவது என்ன? ஆட்டுக்குட்டிக்கு மஞ்சளா நீலமா? ஐந்து மாதமாய் அவை இருக்கின்றனவா என்றுதான் பார்த்தாளே ஒழிய, அவற்றை அவள் பார்க்கவே இல்லை. அது அப்போதுதான் தெரிந்தது. பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

"எம் மூஞ்சிய எப்படிப் போட்டிருந்தா?" என்று கேட்டார் இக்னேஷியஸ்.

ஃப்ளோரா ஒரு நொடி கூட யோசிக்கவில்லை.

"உங்க மூஞ்சியேதான். மீசை கீசை எல்லாம் வச்சு, அச்சு அசலா அப்படியே."

எரிந்துபோனதும் ஒரு விதத்தில் நல்லதுதான் என்று அந்த ஒரு நிமிஷம் அவளுக்குத் தோன்றியது. அவர் முகத்தில் ஏதோ இளகிற்று. இவ்வளவு நேரமும் கதவோரம் நின்ற லூயிசா, அம்மாவுக்கு மறந்துவிட்டதே என்று உதவிக்கு வந்தாள்.

"இல்ல நைனா. அக்கா மூஞ்சியே போடல. வெறும் வட்டம். நீங்க வந்தப்புறம் பாத்துப் போடறேன்னு சொல்லிச்சு."

இக்னேஷியஸ் சட்டைப்பையில் கைவிட்டு, காகிதத்தில் மடித்திருந்த ஒன்றை எடுத்தார். பட்டாளத்துத் தொப்பியோடு அவருடைய போட்டோ. போன சித்திரையில், கடிதம் கிடைத்த உடனே, ஐவிக்காக எடுத்ததாம். தபாலில் போட்டால் மடங்கிப்போகும், எப்படியும் சீக்கிரம் வந்துவிடப் போகிறோம், அவள் கையிலேயே கொடுக்கலாம் என்று வைத்திருந்தாராம்.

லூயிசா அதை வாங்கி, படத்தையும் அவரையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். சரியாகத்தான் இருக்கிறது என்று தீர்மானித்துக்கொண்டு அம்மாவிடம் திரும்பினாள்.

"இதையும் பவுல்சாமி தாத்தாகிட்ட குடுத்தா அக்காவுக்குப் போயிடுமாம்மா?"

இக்னேஷியஸும் ஃப்ளோராவைப் பார்த்தார். புகைக் கதையைச் சொன்னவள் அவள். பதிலும் அவள்தான் சொல்ல வேண்டும்.

"இனிமே அடுத்த வருஷம்தாண்டி எரிப்பாங்க" என்றாள்.

லூயிசா சரி என்று தலையாட்டினாள். அதுவரைக்கும் இருக்கட்டும் என்று போட்டோவைக் கொண்டுபோய், ஓலை தொங்கிய இடத்துக்கு நேர் கீழே, சுவரில் சாய்த்து வைத்தாள்.