ஒன்பது மணி ஆட்டம்

“உனக்கு மணி பார்க்கத் தெரியுமாடி?”

மாவிம்பி கால்பந்து கிளப்பின் மைதானத்தில், ஆற்றுப்பக்கத்துக் கோல் கம்பத்துக்குப் பின்னால் உட்கார்ந்து பணியாரம் விற்கும் நூரு அத்தை இப்படிக் கேட்டதும் ஹிதாயாவுக்கு முகம் சுண்டிவிட்டது. பதினேழு வயதுப் பெண்ணைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா? அவள் கேட்டதற்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ‘எழுபத்துநாலுல அந்தக் கோப்பை ஆட்டத்தன்னிக்கு என்ன நடந்துச்சு அத்தை?’ என்றுதான் அவள் கேட்டிருந்தாள். அதைக் கேட்பதற்கே மூன்று சனிக்கிழமை மைதானத்தைச் சுற்றி வந்திருந்தாள்.

“தெரியும்” என்றாள் மெதுவாக.

“தெரிஞ்சா சரி. அந்தக் கிளப்புல ஒருத்தனுக்கும் தெரியாது.”

மாவிம்பிக்கு அந்த வருடம் ஐம்பது வயது. செயலாளர் பக்காரி, கிளப்பின் வரலாற்றைப் பெரிய தாள்களில் எழுதிச் சுவரில் மாட்டும் வேலையை ஹிதாயாவிடம் கொடுத்திருந்தான். அந்தச் சின்ன ஆற்றங்கரை ஊரான பங்கனியில் அவள் கையெழுத்துக்கு ஈடு கிடையாது. பள்ளிக்கூடம் இரண்டாம் ஃபாரத்தோடு நின்றுபோனாலும் கை நிற்கவில்லை. பழைய நோட்டில் இருப்பதைப் பார்த்து எழுத வேண்டும், அவ்வளவுதான் வேலை. 1962இல் மீனவர்கள் ஒன்பது பேரும் தபால்காரர் ஒருவரும் சேர்ந்து தொடங்கியது, முதல் பந்துக்குள் தேங்காய் நார் அடைத்தது, மழையில் கோல் கம்பம் ஆற்றோடு போனது என்று எல்லாம் குஷியாகத்தான் போனது. 1974இல் வந்து பேனா நின்றது. நோட்டில் இப்படி இருந்தது:

“எஸ்டேட் கோப்பை இறுதி ஆட்டம். காலையில் நடக்க வேண்டிய ஆட்டத்துக்கு நம் அணி பிற்பகலில் போய்ச் சேர்ந்தது. ப்வேனி அணிக்குக் கோப்பை சும்மா போனது. நேரத்தை மாற்றிச் சொன்னவன் நம் கோல்கீப்பர் ஷோமாரி. அவனுடைய புது மனைவி ப்வேனிக்காரி.”

ப்வேனி ஆற்றுக்கு அக்கரை. அந்தப் புது மனைவிதான் நூரு அத்தை. ஷோமாரி மூன்று வருடத்துக்கு முன் இறந்துபோனார். அத்தை மட்டும் ஒவ்வொரு சனிக்கிழமையும் அலுமினியப் பேசினோடு வந்து, அதே கம்பத்துக்குப் பின்னால் உட்காருவாள். வெளியூர் அணிக்காரர்கள் வாங்குவார்கள். மாவிம்பிக்காரர்கள் முப்பத்தெட்டு வருடமாக ஒரு பணியாரம் வாங்கியதில்லை.

“சந்தையில உட்கார்ந்தா நல்லா விக்குமே அத்தை?”

“விக்கும். ஆனா நான் எழுந்து போனா அவங்க சொன்னது நெசம்னு ஆயிடும்ல? அதான் போகல.” அத்தை ஈயை விரட்டினாள். “நீ எழுது. ப்வேனிக்காரின்னு நல்லாப் பெருசா எழுது. எனக்குப் படிக்கத்தான் தெரியாது, கண்ணு நல்லாத் தெரியும். இங்கேர்ந்து பார்த்தா தெரியணும்.”

ஹிதாயா அன்று எதுவும் எழுதவில்லை. மணி பார்க்கத் தெரியுமா என்ற கேள்வி செருப்புக்குள் புகுந்த மணலைப் போல நடக்க நடக்க உறுத்தியது. மறுநாள் பக்காரியிடம் போய், பழைய காகிதப் பெட்டியைப் பார்க்கலாமா என்றாள்.

“எதுக்கு? நோட்டுல இருக்கறத அப்படியே எழுதினாப் போதும்.”

“வருஷமெல்லாம் சரியான்னு...”

“கூப்பிட்டா வாய் தெறக்க மாட்டே. கேள்வின்னா மட்டும் எங்கேர்ந்துதான் வருதோ” என்று சிரித்துக்கொண்டே சாவியைக் கொடுத்தான்.

தகரப் பெட்டிக்குள் ஊதினால் காற்று மட்டும் வரும் விசில் ஒன்றும், சுருங்கிப்போன தோல் பந்து ஒன்றும், கற்றாழை நாரால் கட்டிய கடிதக் கட்டுகளும் இருந்தன. பக்காரியின் அப்பா அத்துமானிதான் அப்போது செயலாளர். கிளப் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொப்பியோடு படமாக இருப்பவர். அவர் ஒரு காகிதத்தையும் எறிந்ததில்லை. 1974 கட்டில், போட்டியை நடத்திய கற்றாழை எஸ்டேட்டிலிருந்து வந்த கடிதம் இருந்தது. வெள்ளைக்கார மேனேஜர் ஆங்கிலத்தில் மூன்றே வரி தட்டச்சு செய்திருந்தார்: இறுதி ஆட்டம், ஞாயிறு, ஒன்பது மணிக்கு. கீழே பென்சிலில், சுவாஹிலியில், அத்துமானியின் சாய்ந்த எழுத்து: “ஒன்பது மணி. ஷோமாரியிடம் சொல்லியாச்சு. எல்லாருக்கும் அவன் சொல்லிவிடுவான்.”

ஒன்பது, ஒன்பது. சரியாகத்தானே இருக்கிறது? மடித்து வைத்துவிட்டு அடுத்த கடிதத்தை எடுத்தாள். எடுத்த கை அப்படியே நின்றது.

முதல் ஃபாரத்தில் ஒருநாள், தினமும் செய்வதை ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னார்கள். ஹிதாயா எழுந்து, ‘நான் பன்னிரண்டு மணிக்குத் தூங்கி எழுகிறேன்’ என்றாள். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அவள் சொன்னது காலை ஆறு மணியை. பங்கனியில் சூரியன் வந்த பிறகுதான் மணியை எண்ணத் தொடங்குவார்கள். கடிகார முள் ஏழில் நிற்கும், வாய் ஒன்று என்று சொல்லும். முள் மூன்றுக்கு வந்தால் வாய் ஒன்பது என்னும். அது பழகிய கணக்கு, யாரும் யோசிப்பதில்லை. ஆங்கிலத்துக்குள் போகும்போது மட்டும் ஆறு மணி நேரத்தைக் கழற்றிவிட்டுப் போக வேண்டும். அன்றைக்குப் பிறகு ஹிதாயா வகுப்பில் வாய் விட்டுப் படித்ததே இல்லை.

மேனேஜரின் ஒன்பது காலை. அத்துமானியின் ஒன்பது பிற்பகல், முள் மூன்றில் நிற்கும் நேரம். அவர் எண்ணை மட்டும் பார்த்து அப்படியே பெயர்த்துவிட்டார். ஷோமாரி சொன்னதைச் சொன்னபடி வீடு வீடாகச் சொல்லியிருக்கிறார். கோப்பை போன பிறகு அத்துமானி, ‘நான் காலைன்னுதான் சொன்னேன், அவன்தான் மாத்திட்டான்’ என்றிருக்கிறார். வீட்டில் ப்வேனிக்காரி இருக்கும்போது ஷோமாரியை யார் நம்புவார்கள்? இந்தத் தவறைச் செய்யக் கொஞ்சம் ஆங்கிலமும் தெரிந்திருக்க வேண்டும், பங்கனியில் பிறந்தும் இருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை அவள் எழுதிக் கொண்டுவந்த தாளைப் பக்காரி இரண்டு முறை படித்தான்.

“இது நோட்டுல இல்லையே.”

ஹிதாயா கடிதத்தை நீட்டினாள். அவன் அதைப் பார்த்தான். பென்சில் எழுத்தின் மேல் கட்டைவிரலை வைத்தான்.

“எங்கப்பா பேரை எழுதியிருக்கியா?”

“பேரு எழுதலண்ணா. செயலாளர்னுதான்.”

“ஊருக்கு அப்ப எத்தனை செயலாளர் இருந்தாங்க? ஒருத்தர்தானே. பேரு எழுதினா என்ன, எழுதாட்டி என்ன?” குரல் உயரவில்லை. “நாளைக்கு விழாவுக்கு எங்கம்மா வர்றாங்க. அந்த வரியை மாத்திடு. யாரு தப்புன்னு வேண்டாம். நேரத்துல ஒரு குழப்பம்னு போடு. ஷோமாரி பேரையும் எடுத்துடலாம், ப்வேனிக்காரியையும் எடுத்துடலாம். எல்லாருக்கும் நல்லது.”

அது நியாயம் போலத்தான் தோன்றியது. ஆனால் பேரை எடுத்துவிட்டால் சுவரில் இருக்காது, ஊர் வாயில் இருந்துகொண்டே இருக்கும்.

“அப்ப நான் எழுதலண்ணா” என்றாள். தாளையும் கடிதத்தையும் மேசையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டாள். வழி முழுக்க, கிழித்திருப்பான், கிழித்திருப்பான் என்று உள்ளே ஓடிக்கொண்டே இருந்தது.

சனிக்கிழமை கிளப் அறையில் தாள்கள் வரிசையாக மாட்டியிருந்தன. 1974ஆம் வருடத் தாளும் இருந்தது. மற்றவற்றை விடக் கொஞ்சம் உயரத்தில், கழுத்தை நிமிர்த்திப் படிக்கும்படி ஆணி அடித்திருந்தது. அவள் எழுதியபடியே, ஒரு சொல்லும் மாறாமல். பக்கத்தில் அத்துமானியின் படம் இருந்த இடத்தில் வெறும் ஆணி. பக்காரி தன் அம்மாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான். அவன் இவள் பக்கம் திரும்பவே இல்லை.

விளையாட்டுக்காரர்கள் காலுறையைத் தூக்கிக்கொண்டே படித்தார்கள். “மொளகா கடிச்ச மாதிரி சுருக்குன்னு இருக்கே” என்றான் ஒருவன். “எங்க தாத்தா இதுக்காக ஷோமாரி வீட்டுக் கல்யாணத்துக்கே போகலியாம்.”

அப்போது வாசலில் அலுமினியப் பேசின் தெரிந்தது. நூரு அத்தை அந்த வாசலுக்கு இதுவரை வந்ததில்லை.

“என் ஊரு பேரு எங்கடி இருக்கு?” என்றாள் ஹிதாயாவிடம். “இவ்வளவு ஒசரத்துல மாட்டினா ப்வேனியிலேர்ந்துதான் தெரியும். படி.”

“நானா?”

“வேற யாரு? எழுதினவதானே படிக்கணும்?”

அறையில் இருபது பேர். ஹிதாயா தாளுக்குக் கீழே போய் நின்றாள். முதல் வரியில் குரல் எழும்பவே இல்லை. இரண்டாவது வரியில் எழும்பியது. “‘கடிதத்தின் ஒன்பது, காலை ஒன்பது. நம் செயலாளர் அதை நம் ஊர் ஒன்பதாக எடுத்துக்கொண்டார். கோல்கீப்பர் ஷோமாரி தன்னிடம் சொன்னதைத் தவறில்லாமல் எல்லோருக்கும் சொன்னார். அவரும் அவர் மனைவி நூருவும் இதில் எந்தக் குற்றமும் செய்யவில்லை. கடிதம் கிளப் பெட்டியில் இருக்கிறது.’”

யாரும் சிரிக்கவில்லை. பக்காரியின் அம்மா முந்தானைத் துணியால் வாயை மூடிக்கொண்டாள். ஒரு ஆட்டக்காரன் பேசினை எட்டிப் பார்த்து, “அத்தை, எனக்கு ரெண்டு பணியாரம்” என்றான்.

நூரு அத்தை அவனைப் பார்த்தாள். தாளைப் பார்த்தாள். வெளியே நடுவர் விசில் ஊதினார், ஆட்டம் தொடங்கப்போகிறது. அத்தை குனிந்து பேசினைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள். மைதானத்தின் ஓரமாக நடந்தாள். முப்பத்தெட்டு வருடம் உட்கார்ந்த இடத்தில் புல் முளைக்காமல் வட்டமாக மண் தெரிந்தது. அங்கே நிற்காமல் அதைத் தாண்டி, ப்வேனிக்குப் போகும் படகுத்துறைக்கு இறங்கிப் போனாள்.