மிஸ் ஐடெல்லா கழற்றிய அட்டைகள்

ரிப்பேர் வேலைக்கு வந்த லின்வுட், வீட்டுக்கு அடியில் தவழ்ந்து போய் வெகு நேரமாகிவிட்டது. மேலே சமையலறையில் மிஸ் ஐடெல்லா சோளரொட்டியை இறக்கி வைத்துவிட்டு, காலுக்குக் கீழே அவன் நகரும் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தாள். கணவர் ராய்ஸ் இறந்த பிறகு அந்த வீட்டில் இன்னோர் ஆள் அசையும் சத்தம் இது ஒன்றுதான்.

அவள் ஊரான கின்ஸ்டன் பக்கம் வீட்டுத் தரைக்கும் மண்ணுக்கும் நடுவே முழங்கால் உயரத்துக்கு இடம் விட்டுக் கட்டுவார்கள். சுற்றுச்சுவரில் காற்றுத் துவாரங்கள் இருக்கும். கோடையில் அவற்றைத் திறந்துவிட்டால் அடியில் காய்ந்துவிடும் என்பது ஊர்க்காரர்களின் பிடிவாதம். நடப்பது நேர்மாறு. புழுக்கக் காற்று உள்ளே போய், ஏசியில் குளிர்ந்த தரைப் பலகையில் பட்டு, வேர்த்துச் சொட்டும். முதல் தடவை வந்தபோதே லின்வுட் வெளியே வேர்த்திருந்த ஐஸ் தேநீர் டம்ளரைக் காட்டி இதைச் சொல்லி, துவாரங்களை அட்டை வைத்து அடைத்துவிட்டுப் போனான்.

மிஸ் ஐடெல்லாவுக்கு அப்போதே நன்றாகப் புரிந்துவிட்டது. புரிந்துதான் அடுத்த கோடையில் அட்டைகளைக் கழற்றினாள். ஈரம் வந்தது, பின்னாலேயே லின்வுட்டும் வந்தான். உட்கார்ந்து சாப்பிட்டான், பொரித்த கோழியைப் புகழ்ந்தான், தன் மச்சானைத் திட்டினான். அந்த ஒரு மதியத்துக்காக வருஷா வருஷம் தன் வீட்டைத் தானே நனைத்துக்கொண்டாள். பைத்தியக்காரத்தனம்தான். பேச ஆளில்லாத வீட்டில் இருந்து பார்த்தால் தெரியும்.

லின்வுட் சேறும் சகதியுமாக வந்து பின்வாசலில் நின்றான்.

"திரும்பவும் கழட்டிட்டீங்களா, மிஸ் ஐடெல்லா?"

"கோடை வந்துடுச்சேப்பா. ராய்ஸ் இருந்தா திறந்திருப்பாரு."

"ராய்ஸ் ஐயா தங்கமான மனுஷன். இந்த விஷயத்துல மட்டும் அவருக்கு ஒண்ணும் தெரியாது. தரையைத் தாங்குற உத்தரத்துல ஸ்க்ரூடிரைவர வச்சேன், கேக்குல இறங்குற மாதிரி இறங்குது. இன்னொரு கோடை தாங்காது. அடுப்போட சேர்ந்து நீங்களும் என் தலைமேல விழப்போறீங்க."

"விழுந்தா பிடிச்சுக்க மாட்டியா?"

அவன் சிரிக்கவில்லை. "உத்தரத்துக்கு முட்டுக் கொடுத்துட்டு, துவாரத்தையெல்லாம் செங்கல் வச்சுப் பூசிடறேன். ஈரம் உறிஞ்சுற மெஷின் ஒண்ணும் வைக்கிறேன். இனிமே நீங்க என்னைக் கூப்பிடவே வேண்டாம்."

நல்ல சேதி சொல்வதாகத்தான் அவன் சொன்னான். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். ஆனால் வீடே விழுந்துவிட்டால் எங்கே போய் நிற்பாள்? சரியென்று தலையாட்டினாள்.

கடைசித் துவாரத்தை அவன் பூசிக்கொண்டிருந்தபோது அவளால் பொறுக்க முடியவில்லை.

"தம்பி, ராய்ஸ் பேரைச் சொன்னது பொய். நீ வரணும்னுதான் கழட்டினேன்."

பூச்சுக் கரண்டி நின்றது. பிறகு அவன் பெரிதாகச் சிரித்தான். "நல்ல ஆளு நீங்க! அதுக்கு ஏன் வீட்டை நாசம் பண்ணணும்? ஒரு போன் போட்டா சும்மாவே வந்திருப்பேனே!"

அந்த வார்த்தையை அவள் பிடித்துக்கொண்டாள். அடுத்த ஞாயிறு சர்ச்சிலிருந்து வந்ததும் கோழி பொரித்தாள், இரண்டு தட்டு வைத்தாள், போன் போட்டாள்.

எடுத்ததும் லின்வுட் பதறினான். பின்னால் குழந்தைகளின் கூச்சல், யாரோ அவனைச் சாப்பிடக் கூப்பிடும் குரல். "என்ன ஆச்சு மிஸ் ஐடெல்லா? மெஷின் நின்னுடுச்சா? தண்ணி வந்துடுச்சா?"

சாப்பிட வா என்று சொல்லத்தான் கூப்பிட்டாள். அந்தச் சத்தத்துக்கு நடுவே அது வாயில் வரவில்லை.

"இல்லப்பா. நல்லா காஞ்சு கிடக்கு. அதச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."