சமைக்கிறவளைக் கேட்காத போன்

என் சமையலை விசாரிப்பதற்கென்றே ஒருத்தி கண்டியிலிருந்து புதன்கிழமைதோறும் போன் எடுத்துக்கொண்டிருந்தாள். பெயர் தனுஷியா. யாழ்ப்பாணத்துப் பேச்சு, இனிமையான குரல். அந்தக் குரலைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என் மாமியார் பாலம்மாவுக்குச் சீனி வருத்தம், அதுதான் சர்க்கரை நோய். தோட்டத்து ஆட்கள் சும்மா சும்மா பஸ் ஏறி கிளினிக்குக்கு அலைய வேண்டாம், போனிலேயே பேசி வழிகாட்டுவோம் என்று தனுஷியா வேலை செய்யும் நிறுவனம் பெயர் எழுதிக்கொண்டு போயிருந்தது. நல்ல ஏற்பாடுதான், யார் இல்லையென்றது? ஆனால் கலஹாத் தேயிலைத் தோட்டத்தில், வரிசையாக ஒட்டியிருக்கும் எங்கள் லயத்து வீட்டில் மாமி அடுப்பைத் தொட்டு வருசக்கணக்காகிறது. என் புருசன் கொழும்பில் கடையில் நிற்கிறார். சமைப்பது நான். விடிவதற்கு முன் ரொட்டி தட்டி, சம்பல் அரைத்து, சோறும் ஆக்கி மூடி வைத்துவிட்டுத்தான் பேராதனை பஸ்ஸுக்கு ஓடுகிறேன். அங்கே ஒரு துணிக்கடையில் வேலை, புதன் லீவு.

மாமி போனை எடுத்ததும் தனுஷியா முதலில் கேட்பது எனக்கும் கேட்கும்.

"அம்மா, இப்ப தனிய இருக்கிறியளோ? உங்கட வருத்தம் வேற ஆக்களுக்குத் தெரியக்கூடாது."

உடனே மாமி போனைக் காதோடு அழுத்திக்கொண்டு தண்ணீர் கொட்டும் பீலிப் பக்கம் போய்விடுவார். எங்கள் லயத்தில் யாருக்குப் போன் வந்தாலும் ஸ்பீக்கரைப் போட்டுத்தான் பேசுவார்கள். பக்கத்து வீட்டுக்காரி நடுவில் புகுந்து நலம் விசாரிப்பாள். அப்படிப்பட்ட இடத்தில் ஒருத்தர் தண்ணீர் விழும் சத்தத்துக்குள் நின்று குசுகுசுத்தால் என்ன அர்த்தம்? மருமகளைப் பற்றி வத்தி வைக்கிறார் என்று அர்த்தம். நான் அப்படித்தான் நினைத்தேன். லயமும் அப்படித்தான் நினைத்தது. சிலர் என்னிடமே வந்து கேட்டுவிட்டார்கள்.

திரும்பி வந்தால் மாமி ஒன்றும் சொல்லமாட்டார். நானும் கேட்கமாட்டேன். எனக்கென்ன ரோசம் இல்லையா? பக்கத்து வீட்டு நாய் மட்டும் எப்படியோ கொழுத்துக்கொண்டே போனது.

ஒரு செவ்வாய்க்கிழமை கடையில் நிற்கும்போது செய்தி வந்தது. மாமி பீலிக்கரையில் விழுந்துவிட்டாராம். உடம்பெல்லாம் வேர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறியதாம். தோட்டத்து டிஸ்பென்சரியில் சீனித் தண்ணீர் கொடுத்த பிறகுதான் தெளிந்தாராம். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் எனக்கு அழுகை. போய்ச் சேர்ந்தால் டிஸ்பென்சர் ஐயா என்னைத்தான் திட்டினார்.

"மருந்துக் குளிசையப் போட்டுட்டு அரை வயித்துக்குச் சாப்பிட்டா சீனி ஒரேயடியா எறங்கிரும். வீட்ல சாப்பாடு குடுக்குறீங்களா இல்லையா?"

சாப்பாடு கொடுக்கிறேனாவா? எங்கே போய் முட்டிக்கொள்வதென்று தெரியவில்லை. அப்போதுதான் நாய் கொழுத்த காரணம் உறைத்தது. சோற்றையும் ரொட்டியையும் குறைக்கும்படி போனில் சொல்லியிருக்கிறார்கள். மாமி எனக்குச் சொல்லாமல் தட்டில் பாதியை நாய்க்குப் போட்டுவிட்டு, மீதியில் வயிற்றைக் கழுவியிருக்கிறார்.

நியாயமாகப் பார்த்தால், தனியே இருந்துதான் பேச வேண்டும் என்ற அந்தச் சட்டத்திலும் ஒரு நல்லது இருக்கிறது. ஒருத்தருடைய நோய் ஊர் வாயில் அரைபடக்கூடாதுதான். ஆனால் ஒரே பானையில் ஆக்கித் தின்கிற வீட்டில் யாரிடம் எதை மறைப்பது?

மறுநாள் போன் அடித்தது. மாமி எழுந்து நடக்கும் நிலையில் இல்லை. நான் எடுத்தேன்.

"பாலம்மா அம்மாவோ கதைக்கிறது?"

"இல்ல. சமைக்கிறவ."

"அவவிட்டக் குடுக்கிறியளோ? வேற ஆக்களோட இதைக் கதைக்க எங்களுக்கு அனுமதி இல்லை."

"அவங்க நேத்து விழுந்து கெடந்தாங்க மிஸ்! சோத்தக் கொறைங்கன்னு சொன்னீங்களே, ஆக்குறவகிட்ட ஒரு வார்த்த சொன்னீங்களா? அவங்க வயிறு வேற, என் அடுப்பு வேறயா?"

நான் ஸ்பீக்கரைப் போட்டு மாமியின் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"அம்மா," தனுஷியாவின் குரல் மெதுவாக வந்தது, "உங்கட மருமகளோட நான் கதைக்கலாமோ? நீங்கள் ஓமெண்டாத்தான்."

மாமி கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். "பேசுங்க மிஸ். நான் ஒங்ககிட்ட சொன்னதெல்லாம் அவகிட்ட சொல்லுங்க. எனக்கு வாய் வரல."

"அம்மா உங்களைப் பற்றி ஒரு குறையும் சொன்னதில்லை," என்றாள் தனுஷியா. "உங்களிட்டச் சொல்லி வேறயாச் சமைப்பிக்கச் சொல்லி அம்மாவிட்ட ஒவ்வொரு முறையும் சொன்னனான். அந்தப் பிள்ளை விடிய எழும்பி ஓடுது, அதுக்கு இன்னொரு வேலை குடுக்கமாட்டன் எண்டுதான் சொன்னவ. நானும் அதோட விட்டிட்டன். பிழைதான்."

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. வெட்கம் ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். கோபம்தான் முந்தியது.

"என்ன மாமி இது? நாய்க்குப் போட்டதுக்குப் பதிலா, ஒன் ரொட்டி எனக்கு ஆகாதுடின்னு மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா கோவிச்சுக்கிட்டு ஒங்கம்மா வீட்டுக்குப் போயிருவ," என்றார் மாமி. "அவனும் கொழும்புல. நான் யாரோட இருப்பேன்?"

நான் போய்விடுவேன் என்று பயந்து பட்டினி கிடந்திருக்கிறார். அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

"நான் எங்கயும் போகமாட்டேன் மாமி."

போனுக்குள் ஒரு செருமல். "நான் பிறகு எடுக்கட்டோ?"

"வேணாம் மிஸ், இருங்க," மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். "குளிசை போட்டா எவ்வளவு சாப்பிடணும்னு சொல்லுங்க. அரிசி களையப் போறேன்."